மூடிய ஸ்டேஷனுக்கு ஒரு பிளாட்பாரம் டிக்கெட்

நீங்கள் உட்காருங்கள். நான் நடந்துகொண்டேதான் பேசுவேன். எனக்கு ஓரிடத்தில் இருப்பு கொள்ளாது. பிள்ளையார்பாளையத்தில் நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு பொழுதன்றைக்கும் உட்கார முடியாமல்தான் ரயில்வே பரீட்சை எழுதினேன். "இவ ஒரு எடத்துல நிக்க மாட்டா, இவளப் போய் ஸ்டேஷன் மாஸ்டராப் போட்டிருக்கானுங்களே" என்று என் அப்பா தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் கச்சபேசுவரர் கோயிலில் ஆரம்பித்து காமாட்சி கோயில் வரை நடந்துவிட்டு வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

சிக்னல், பிளாக், பேனல் எல்லாம் புதிதாக ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். அதை நான் தொடப்போவதில்லை. சற்று முன் டீ குடிக்கும்போது உங்களில் ஒரு பெண் கேட்டாள். "மேடம், ஏரிக்கரை வளைவு தாண்டினா புங்கந்தாங்கல்னு ஒரு எடம். போர்டு கூட இல்ல. அங்க ஏன் டிரைவருங்க நீளமா ஒரு ஹார்ன் அடிக்கறாங்க?" நல்ல கேள்வி. இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

புங்கந்தாங்கல் ஸ்டேஷனை எதற்குக் கட்டினார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நெல் மூட்டை ஏற்றுவதற்கு என்பார்கள். நீராவி இன்ஜின் ஏரித் தண்ணீர் பிடிப்பதற்கு என்பார்கள். நான் போனபோது எதிரெதிரே வரும் வண்டிகள் ஒதுங்க இரண்டாவது லைன் ஒன்று இருந்தது. ஒரு பிளாட்பாரம், ஓட்டுக் கூரை, தூங்குமூஞ்சி மரம். நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் ஸ்டேஷன் அது. ஒரு ஸ்டேஷனை ஒரே நாளில் மூடிவிட மாட்டார்கள், தெரியுமா? முதலில் சரக்குக் கொட்டகையைப் பூட்டுவார்கள். அப்புறம் இரண்டாவது லைனைப் பிடுங்குவார்கள். மாஸ்டரை மாற்றுவார்கள். ஒரு ஏஜெண்டை வைத்து டிக்கெட் கொடுப்பார்கள், அவரும் கட்டுப்படியாகாமல் போய்விடுவார். பிறகு கால அட்டவணையில் பெயர் இருக்காது. கடைசியில் யாரோ வந்து பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு போவார்கள். புங்கந்தாங்கலுக்கு அத்தனையும் நடந்தது. நான் அதற்கு முந்தைய ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து, பக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்து வயிறு எரிந்தேன்.

அந்த இடம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். லைனுக்குக் கிழக்கே காலனி, மேற்கே ஊர். காலனிக்காரர்களின் சுடுகாடு ஊரையும் தாண்டி ஏரிக்கரையில் இருக்கிறது. ஊர்த் தெரு வழியாக அவர்கள் பிணத்தை எடுத்துப் போக முடியாது. ஏன் என்று கேட்காதீர்கள், உங்களுக்கே தெரியும். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால் எனக்குக் கோபம் வரும். ஆனால் பிளாட்பாரத்தில் ஏறி, லைனைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கினால் ஸ்டேஷன் ரோடு. ஊரைத் தொடாமல் ஒதுங்கி நேராக ஏரிக்கரைக்குப் போய்ச் சேரும். அது ரயில்வே நிலம். யார் வேண்டுமானாலும் நடக்கலாம்.

எனக்கு முன்னால் அங்கே இருந்த மாஸ்டர் சிகரெட்டும் கையுமாக இருப்பார், வாயைத் திறந்தால் வசவுதான் வரும். அவர் காலத்தில் ஒரு சாவின்போது ஊர்க்காரர்கள் பிளாட்பாரத்திலேயே வந்து மறித்திருக்கிறார்கள். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? பாடை தூக்கி வந்தவர்களை வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கொரு பிளாட்பாரம் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். செத்தவருக்கும் ஒன்று. "டிக்கெட் வாங்குனவன் ரயில்வே ஆளு. அவன் மேல கை வெச்சா என் மேல கை வெச்ச மாதிரி. எவன்டா வெக்கறான், வாங்கடா" என்று நடுவில் போய் நின்றாராம். அதோடு விலகினார்கள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காலனியில் சாவு விழுந்தால் முதலில் கவுண்டருக்குத்தான் ஆள் வரும். பாடை தூக்குபவர்கள் டிக்கெட்டைக் கையில் வைத்திருப்பார்கள். செத்தவருடைய டிக்கெட் சட்டைப் பையிலோ, புடவை முடிச்சிலோ போகும். பொறுப்பை ஒப்படைக்கும்போது மாஸ்டர் என்னிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தார், கூடவே இதையும் சொன்னார்.

அங்கே எனக்குப் பாயிண்ட்ஸ்மேன் தானியேல். கொடி காட்டுவது, விளக்கு ஏற்றுவது, தண்டவாளம் பிரிகிற இடத்தில் பாயிண்ட் மாற்றுவது எல்லாம் அவர்தான். காலனிக்காரர். எனக்கும் அவருக்கும் ஒரு நாளும் ஒத்துப்போகாது. நான் நடப்பேன், அவர் உட்காருவார். "மேடம், நீங்க நடக்கற நடைக்கு பாசஞ்சர் தேவல. ஒரு எடத்துலயாவது நிக்குது" என்பார். நான் கத்துவேன், அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சிரிப்பார். ஒவ்வொரு சாவுக்கும் டிக்கெட் கிழிக்கும்போது பக்கத்தில் நின்று அதையே சொல்வார். "என்ன எடுக்கறப்போ எனக்கு டிக்கெட் வாணாம் மேடம். நான் ஸ்டாஃபு." எரிச்சலாக வரும் எனக்கு. ஆனால் அந்த ஆள் லீவு போட்ட நாளில் ஸ்டேஷனில் எனக்குக் கால் ஓடாது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். ஸ்டேஷன் மூடி சில வருஷம் ஆகியிருந்தது. தானியேலும் ஓய்வு பெற்றுவிட்டார். ஸ்டேஷனை ஒட்டியிருந்த ரயில்வே கேட்டையும் எடுத்துவிட்டு லைனுக்கு அடியில் சுரங்கப்பாதை வெட்டியிருந்தார்கள். அது ஊர்த் தெருவில் போய் ஏறும். மழை பெய்தால் அதில் குளம் கட்டும். அது வைகாசி, காஞ்சிபுரத்தில் கருட சேவை. முந்தின நாள் நல்ல கோடை மழை. சாயங்காலப் பாசஞ்சருக்காக நான் காத்திருக்கிறேன். கவுண்டரில் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் தானியேலின் மனைவி எஸ்தர். காய்கறிக் கூடையோடு தினமும் முதல் வண்டியில் காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்குப் போய் வந்தவள். கூடை இல்லாமல் அவளை நான் பார்த்ததே கிடையாது.

"இன்னா எஸ்தர், இந்த நேரத்துல?"

"பிளாட்பாரம் டிக்கெட் குடுங்க மேடம். புங்கந்தாங்கலுக்கு."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "மூடுன ஸ்டேஷனுக்கு ஏதும்மா டிக்கெட்? வெளாட்றியா?"

"அவரு போயிட்டாரு மேடம். காலைல டீ குடிச்சிக்கினு இருந்தாரு. அப்டியே சாஞ்சிட்டாரு."

நான் எழுந்து நின்றேன். எழுந்த பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பும் பீடி நாற்றமும்தான் சட்டென்று நினைவுக்கு வந்தன. அழுகை வந்தது. அழுவதற்கு அது நேரமில்லை.

"பொணத்த வூட்ல போட்டுட்டு நீ ஏன் வந்த? வேற ஆளு இல்ல?"

"வேற யாரு வந்தாலும் நீங்க கத்தி அனுப்பிடுவீங்க. அதான் கொயிந்தனார் பையன் பைக்ல நானே வந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "ஸ்டேஷன் ரோட்டுல ஊர்க்காரங்க முள்ளு வெட்டிப் போட்டு வெச்சிக்கிறாங்க மேடம். கேட்டா, ஸ்டேஷனே இல்ல, அப்புறம் ஸ்டேஷன் ரோடு ஏது, இது ஊர் எடம்ன்றாங்க. சுரங்கப்பாதைல இடுப்பளவு தண்ணி. எங்க பசங்க ரத்தம் கொதிச்சிப்போய் நிக்கறானுங்க. லைன் மேல ஏறியே தீருவோம், எவன் தடுக்கறான் பாப்போம்ன்றானுங்க. நீங்க டிக்கெட் குடுத்தா காட்டுவேன். டிக்கெட் இருந்தா எவனும் கேக்க முடியாதுன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க?"

சொன்னேன். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த டிக்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டேஷன் இருந்தது, மாஸ்டர் இருந்தார், வண்டி நின்றது. இப்போது அங்கே புல் முளைத்துக் கிடக்கிறது. என் மிஷின் என் ஸ்டேஷன் பேரைத்தான் அச்சடிக்கும்.

அப்போதுதான் இன்னொன்றும் எனக்கு உறைத்தது. புங்கந்தாங்கலுக்கு முன்னால் ஏரிக்கரை வளைவு. வளைவு தாண்டும் வரை டிரைவர் கண்ணுக்குப் பிளாட்பாரம் தெரியாது. சாவு ஊர்வலத்தில் பேண்டு வாசிப்பார்கள், வண்டிச் சத்தம் யார் காதிலும் விழாது. தானியேலுக்காக லைனில் ஏறி நிற்கிற பையன்கள் மேல் நான் அனுப்புகிற வண்டி ஏறிவிட்டால்?

போலீசுக்குப் போன் போட்டேன். "மேடம், ஃபோர்ஸ் எல்லாம் கருட சேவைக்கு பந்தோபஸ்து. பெருமாள் கோயிலுக்குத் திரும்பணும், அப்புறம் பாக்கலாம்" என்றார்கள். பெருமாள் திரும்புவதற்குள் இங்கே என்னவெல்லாம் ஆகும்!

என் ஸ்டேஷன் பேர் போட்ட டிக்கெட் ஒன்றை அடித்து எஸ்தர் கையில் வைத்தேன்.

"இது அங்க செல்லாது. ஆனா வெச்சிக்கோ. நான் சொல்றத மட்டும் கேளு. வண்டி வந்து பிளாட்பாரத்துல நிக்கற வரைக்கும் ஒருத்தனும் லைன்ல கால் வெக்கக் கூடாது. என் மேல ஆணை. நின்ன பொறவு டிரைவர் கை காட்டுவாரு. அப்பறம் இன்ஜினுக்கு முன்னால தாண்டுங்க."

"வண்டி அங்க நிக்குமா மேடம்?"

"நிக்கும், போ."

பைக் மண் ரோட்டில் மறைந்தது. நிற்கும் என்று சொல்லிவிட்டேனே தவிர, நிறுத்த எனக்கு யாரும் அனுமதி கொடுத்திருக்கவில்லை.

பாசஞ்சர் வந்து நின்றது. போனில் கன்ட்ரோலரைப் பிடித்தேன். மொத்த லைனையும் ஒரு அறையிலிருந்து ஓட்டுகிறவர் அவர். விஷயத்தைச் சொன்னதும் எகிறினார்.

"அது போலீஸ் கேஸும்மா. நமக்கு என்ன? லைன்ல ஆளு வருவாங்கன்னு பயமா இருந்தா வண்டிய உன் ஸ்டேஷன்லயே பிடிச்சு வெச்சிக்கோ. எல்லாம் முடிஞ்சப்புறம் அனுப்பு."

இங்கேதான் நீங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவர் சொன்னது தப்பே இல்லை. சிவப்பு போட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாம். வண்டி பத்திரம், நான் பத்திரம், என் பென்ஷன் பத்திரம். ஆனால் "எல்லாம் முடிஞ்சப்புறம்" என்றாரே, எது முடிந்த பிறகு? முள்ளுக்கு அந்தப் பக்கம் தடியோடு ஊர், இந்தப் பக்கம் பாடையோடு காலனி, நடுவில் யாருமே இல்லை. வண்டி வரவில்லை என்றால் லைனைத் தாண்டுவார்கள், முள்ளைப் பிடுங்குவார்கள், மண்டை உடையும். யார் கண்டது, உயிரே போகும். நான் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு இங்கே கை கட்டி நிற்பேன். நடுவில் ஒருவர் போய் நிற்க வேண்டும். அந்தப் பழைய மாஸ்டர் மாதிரி நான் போய் நிற்க முடியாது, ஸ்டேஷனை விட்டு நகரக் கூடாது. என்னிடம் இருந்தது ஒரு வண்டி. வண்டி நிறைய ஜனம். அத்தனை ஜன்னலிலும் கண். அத்தனை கண் பார்க்கும்போது தடியை ஓங்க எவனுக்கும் சுலபத்தில் கை வராது.

இன்னொன்றும் இருந்தது. ஸ்டேஷனே இல்லை என்பதுதானே அவர்கள் வாதம்? வண்டி நின்றால் அது ஸ்டேஷன்தான். அதை என் தொழில் எனக்குச் சொன்னது.

"சார், பிடிச்சு வெக்க மாட்டேன். காஷன் ஆர்டர் குடுத்து அனுப்பறேன்" என்றேன்.

"எங்க நிறுத்தப் போற? மூடுன ஸ்டேஷன்லயா? உனக்கு இன்னா பைத்தியமா?"

"ஆமா சார்" என்று சொல்லிப் போனை வைத்தேன். அவருடைய எந்தக் கேள்விக்கு ஆமாம் சொன்னேன் என்று அவருக்கும் புரிந்திருக்காது.

லைனில் ஆபத்து இருந்தால் டிரைவருக்கு எழுதிக் கொடுக்கிற எச்சரிக்கைதான் காஷன் ஆர்டர். 'புங்கந்தாங்கல் பழைய நடைமேடையில் ஆட்கள். நடைமேடையில் முழுவதும் நின்று, ஹார்ன் அடித்து, வழி பார்த்துப் போகவும்' என்று எழுதினேன். நானே இன்ஜின் வரைக்கும் ஓடினேன். டிரைவர் வாங்கிப் படித்தார், இந்த லைனிலேயே நரைத்தவர்.

"இன்னா மேடம் பிளாட்பாரம்? புல்லுல்ல மொளச்சிருக்குது!"

"புல்லு மொளச்சா பிளாட்பாரம் இல்லன்னு ஆயிடுமா? வளைவுலயே வேகத்தக் கொறச்சிடுங்க. போயிருக்கறது தானியேலு."

அவர் என்னையே பார்த்தார். "நம்ம கொடி தானியேலா?" காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வண்டி கிளம்பியது.

காத்திருப்பதைப் போல ஒரு கொடுமை நம் வேலையில் கிடையாது. அனுப்பிய பிறகு நம் கையில் ஒன்றுமே இல்லை. நான் பிளாட்பாரத்தில் நடந்தேன். அறைக்குள் வந்தேன், மறுபடி நடந்தேன். கன்ட்ரோலர் போன் அடித்தபடி இருந்தது, நான் எடுக்கவில்லை. அவசரப்பட்டுவிட்டேனோ, வண்டியோடு ஜனங்களையும் சேர்த்துச் சண்டைக்குள் அனுப்பிவிட்டேனோ என்று தோன்றியது. ஒருவழியாக வண்டியின் கார்டு செல்போனில் வந்தார். சின்னப் பையன், குரல் கீச்சுக் கீச்சென்று இருந்தது.

"மேடம், நின்னாச்சு. ஆளுங்க லைனுக்கு வெளியதான் நிக்கறாங்க. பாடை இருக்குது. அந்தப் பக்கம் முள்ளு, கொஞ்சம் பேரு தடியோட..." திடீரென்று குரல் மாறியது. "அய்யய்யோ, மேடம், ஜனங்க எறங்கறாங்க!"

"எறங்க வாணாம்னு சொல்லுப்பா!"

"யாரு கேக்கறாங்க! கம்பெனி வேலைக்குப் போறவங்க எல்லாம் பையத் தூக்கிக்கினு முள்ளுப் பக்கமா குதிக்கறாங்க."

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வண்டியில் கம்பெனி வேலை முடிந்து புங்கந்தாங்கல் ஊர்க்காரப் பெண்கள் தினமும் வருவார்கள். புங்கந்தாங்கலை மூடியதிலிருந்து ஊரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தாண்டிப் போய், அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோவுக்கு நின்று, சுற்றிக்கொண்டு வீடு வர வேண்டும். இன்றைக்கு வண்டி வாசலில் நிற்கிறது. விடுவார்களா? இதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இது என் புத்திசாலித்தனம் இல்லை.

போனை கார்டு தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். ஒரு பெண்ணின் குரல் எனக்கே நேராகக் கேட்டது.

"டேய், முள்ள எடுடா! நாள் பூரா நின்னு வேலை செஞ்சிட்டு வரேன், கால் கடுக்குது!"

"யக்கா, இது உங்களுக்குப் போட்டது இல்லக்கா. அவங்களுக்கு..."

"எவங்களுக்குப் போட்டியோ! இப்ப என் கால்லதான குத்துது? எடுறா! அடுத்தவனுக்கு முள்ளு வெட்டிக்கினு நிக்கறியே, வூட்ல மாட்டுக்கு ஒரு கை புல்லு அறுத்தியா நீ?"

பெண்கள் சிரிப்பது கேட்டது. முள்ளை இழுக்கிற சத்தம் கேட்டது. கார்டு மூச்சு வாங்கினார். "வழி ஆயிடுச்சு மேடம். பொம்பளைங்க போறாங்க. டிரைவர் கை காட்டிட்டாரு, பாடை லைனத் தாண்டுது. பொம்பளைங்க பின்னாலயே போவுது மேடம்."

"தடி வெச்சிக்கினு இருந்தவனுங்க?"

"ஒதுங்கி நிக்கறானுங்க. அவங்க வூட்டுப் பொம்பளைங்களே நடுவுல போறாங்க, எங்க மறிப்பானுங்க? வண்டில எல்லாரும் எயுந்து நின்னு பாக்கறாங்க."

அப்போது ஒரு ஹார்ன் கேட்டது. போனிலும் கேட்டது, ஏரியைத் தாண்டிக் காற்றிலும் மெல்லக் கேட்டது. அவ்வளவு நீளமாக அடிக்க எந்த விதியும் இல்லை. கொடி காட்டியவனுக்காக அந்த டிரைவர் தானாக அடித்தது. மற்ற டிரைவர்கள் அவரிடமிருந்து பிடித்துக்கொண்டார்கள். காரணம் தெரியாதவர்களும் இன்றுவரை அடிக்கிறார்கள்.

நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். போதும் போதும் என்று அழுதேன்.

விளக்கம் கேட்டு மேலிடத்துக் காகிதம் வந்தது. 'மூடப்பட்ட நிலையத்தில் பயணிகள் வண்டியை ஏன் நிறுத்தினீர்கள்?' என்று கேட்டிருந்தார்கள். 'நடைமேடையில் பயணிகள் இருந்தார்கள்' என்று பதில் எழுதினேன். என்னை நேரில் கூப்பிட்ட அதிகாரி, "மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி சேத்து எழுதுங்கம்மா, விட்டுடலாம்" என்றார். எழுதவில்லை. சம்பள உயர்வை நிறுத்தினார்கள். நிறுத்தட்டும்.

நான் செய்தது சரியா என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு கல் பறந்திருந்தால், இறங்கிய பெண்களில் ஒருத்தி தடுக்கி விழுந்திருந்தால், நான் இன்றைக்கு உங்கள் முன்னால் பேசிக்கொண்டிருக்க மாட்டேன். அதை யோசித்தால் இப்போதும் எனக்கு உட்காரத் தோன்றுவதில்லை. இதையே நீங்களும் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். சிவப்பு விளக்கைப் போடுமுன், அந்த விளக்குக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

புங்கந்தாங்கலை மறுபடி திறக்கவில்லை. ஊர்ப் பெண்களும் காலனிப் பெண்களும் சேர்ந்து போய் மனு கொடுத்தார்கள், அது எங்கே கிடக்கிறதோ தெரியாது. முள்ளை மட்டும் திரும்ப யாரும் போடவில்லை.

காரியமெல்லாம் முடிந்து எஸ்தர் ஒரு நாள் வந்தாள். காய்கறிக் கூடை இடுப்பில் இருந்தது. கூடையிலிருந்து அந்த டிக்கெட்டை எடுத்து என் கவுண்டரில் வைத்தாள். வியர்வையில் நைந்து, எழுத்தெல்லாம் மங்கிப்போயிருந்தது.

"இன்னாம்மா, அவரு சட்டைப் பையில வெக்கலியா நீ?"

"ஸ்டாஃபுக்கு எதுக்குடி டிக்கெட்டுன்னு அங்க போயும் என்னத் திட்டுவாரு மேடம்" என்றாள். சிரித்தாள், கண் நிறைந்துவிட்டது. "போறப்போ, வரப்போ, எவனாவது கேட்டா காட்டலாம்னு கையிலயே புடிச்சிக்கினு இருந்தேன்."

"கேட்டானுங்களா?"

"ஒருத்தனும் கேக்கல மேடம்."